ஏரோப்ளேன் மோடிலும் ஓடிபி வருவது எப்படி?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் போனில் லாகின் செய்ய ஓடிபி காட்டும் செயலியான கூகுள் ஆதன்டிகேட்டரோ ஏஜிஸோ இருந்தால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, டேட்டா, வைஃபை எல்லாவற்றையும் அணைத்து ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஆறு இலக்க எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டேதான் இருக்கும். அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினால் மெயில் திறக்கும். எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வரவில்லையே என்று சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஓடிப் பழகிய நமக்கு இது மாயம் மாதிரிதான் தெரியும். நானும் ரொம்ப நாள் வரைக்கும் எங்கிருந்தோ யாரோ அனுப்புகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாரும் அனுப்பவில்லை. போனே கணக்குப் போட்டுச் சொல்கிறது, அதே கணக்கை அந்தப் பக்கம் சர்வரும் போட்டுப் பார்க்கிறது, இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கிறது.

பஞ்சாங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் அக்கா வீட்டிலும் நம் வீட்டிலும் ஒரே பஞ்சாங்கம் இருந்தால், நாளைக்கு நல்ல நேரம் எப்போது என்று போன் போட்டுக் கேட்க வேண்டியதில்லை, தேதியைப் பார்த்தால் போதும், இருவரும் ஒரே நேரத்தைத்தான் சொல்வார்கள். ஆதன்டிகேட்டரும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், இந்தப் பஞ்சாங்கத்தில் இரண்டே இரண்டு பிரதிதான் உண்டு. ஒன்று உங்கள் போனில், இன்னொன்று சர்வரில்.

அந்தப் பிரதி எப்போது கைக்கு வந்தது? முதல் நாள் ஒரு கியூஆர் கோடு காட்டி ஸ்கேன் செய்யச் சொன்னார்களே, அப்போது. அந்தக் கட்டத்துக்குள் இருப்பது ஒரு ரகசியச் சரம். பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையிலான இலக்கங்களும் கலந்தது. 0, 1 இரண்டையும் சேர்க்காததற்குக் காரணம் உண்டு, கையால் தட்டும்போது ஓ, ஐ என்ற ஆங்கில எழுத்துகளோடு கண் குழப்பிக்கொள்ளும். இந்தச் சரம்தான் எல்லாமே. ஒரே கியூஆரை இரண்டு போனில் ஸ்கேன் செய்தால் இரண்டிலும் ஒரே எண் ஒரே நொடியில் மாறும், செய்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள், அந்த கியூஆரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன ஆகும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டாம்.

சரி, ரகசியம் இருக்கிறது. தேதி வேண்டுமே? கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி ஆகிவிட்டது என்று எண்ணிக்கொண்டே வருகின்றன, கிரீன்விச் நேரப்படி. அதை 30ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டால் கிடைப்பதுதான் இங்கே 'தேதி'. 2025 ஜனவரி 1 அன்று நம் ஊரில் காலை 5.30 மணி ஆனபோது அந்த எண் 5,78,56,320. அடுத்த 30 விநாடியில் 5,78,56,321. நீங்கள் மதுரையில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் இந்த எண் ஒன்றுதான், டைம்ஜோன் தகராறே இல்லை. நாடு மாறி சிம் மாறினாலும் ஆதன்டிகேட்டர் அலுங்காமல் ஓடுவது இதனால்தான்.

இந்த எண்ணையும் ரகசியத்தையும் சேர்த்து எச்மேக் என்ற கணக்கில் போட்டு அரைக்கிறார்கள். அரைப்பது என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன். மாவாக்கிவிட்டால் மறுபடி அரிசியாக்க முடியாது இல்லையா, அதேபோல வெளியே வரும் எண்ணை வைத்து உள்ளே போன ரகசியத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஒரே ஒரு இலக்கம் மாறினாலும் வெளியே வருவது மொத்தமாக வேறாகிவிடும், அதனால் இந்த எண்ணைப் பார்த்து அடுத்ததை ஊகிக்கவும் வழியில்லை.

அரைத்து வருவது 20 பைட், அதாவது 0 முதல் 255க்குள் அடங்கும் 20 எண்கள். அதை ஆறு இலக்கமாகச் சுருக்க வேண்டும், இங்கே ஒரு அழகான தந்திரம் செய்திருக்கிறார்கள். 2005 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 4226 என்ற பொது விதி ஆவணத்தில் உள்ள உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் கடைசி பைட் 90. அதை 16ஆல் வகுத்தால் மீதி 10. ஆகவே முதல் 10 பைட்டைத் தாண்டி, அடுத்த நான்கை எடு என்று அர்த்தம். அங்கே இருப்பவை 80, 239, 127, 25. இந்த நான்கையும் ஒட்டி, பத்துக்குப் பதில் 256ஐ அடிப்படையாக வைத்து ஒரே எண்ணாகப் படித்தால் 1,35,78,72,921. கடைசி ஆறு இலக்கத்தை மட்டும் வெட்டி எடுங்கள்: 872921. அதுதான் திரையில் தெரியும் எண். எங்கே வெட்டுவது என்பதையும் அந்த மாவே சொல்லிவிடுகிறது, எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

அந்த 2005 விதியில் நேரம் கிடையாது, ஒவ்வொரு எண் எடுக்கும்போதும் ஒன்று கூடும் ஒரு கவுன்ட்டர்தான் இருந்தது. அதை யாராவது விளையாட்டாகப் பல முறை அமுக்கிவிட்டால், இரண்டு பக்கமும் விலகிப் போய்விடலாம். 2011இல் வந்த ஆர்எஃப்சி 6238 கவுன்ட்டருக்குப் பதில் கடிகாரத்தை வைத்தது.

கடிகாரத்துக்கும் ஒரு தொல்லை உண்டு, எங்கள் வீட்டிலேயே நடந்தது. ஒருநாள் காலையில் எந்த எண்ணைத் தட்டினாலும் தப்பு என்றே வந்தது. என் அக்கவுன்ட்டை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று பதறி, பாஸ்வேர்டை எல்லாம் மாற்றலாம் என்று உட்கார்ந்த பிறகுதான் அக்கா பையன் மெதுவாக வந்து, "மாமா, கேம்ல லைஃப் வர்றதுக்காக டைமை மூணு மணி நேரம் தள்ளி வெச்சேன்" என்றான். போன் மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வரவேண்டிய எண்களைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது, பாவம், அதன் கணக்கில் தவறே இல்லை. செட்டிங்ஸில் நேரத்தைத் தானியங்கியில் போட்டதும் சரியாகிவிட்டது. சில விநாடி முன்பின் இருந்தால் பரவாயில்லை, நாம் தட்டுவதற்குள் எண் மாறிவிடலாம் என்பதற்காக, முந்தைய 30 விநாடி எண்ணையும் சர்வர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன.

ஆறு இலக்கம் என்றால் மொத்தமே 10 லட்சம் எண்கள்தானே, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால்? பார்க்கலாம், ஆனால் சில முறை தப்பாகப் போட்டதும் ஒழுங்கான தளங்கள் கதவை மூடிவிடும்.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அசல் மாதிரியே தோன்றும் போலித் தளத்தில் நீங்களே எண்ணைத் தட்டினால், அந்தப் போலித் தளத்தை நடத்துபவன் அதை அந்த 30 விநாடிக்குள் அசல் தளத்தில் போட்டு நுழைந்துவிடுவான். யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று எண்ணுக்குத் தெரியாது. போன் நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் எண்ணுக்கு வேறு சிம் வாங்கி எஸ்எம்எஸ்ஸைத் திருடும் வேலை இதனிடம் பலிக்காது, ஆனால் மனிதரை ஏமாற்றுவது பலிக்கும். போதாததற்குப் பஞ்சாங்கத்தின் இரண்டாவது பிரதி சர்வரில் இருக்கிறது, அங்கே திருட்டுப் போனாலும் கதை முடிந்தது. இப்போது பரவிவரும் பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதில் போனில் இருக்கும் ஒரு ரகசியச் சாவியை வைத்து நுழையும் முறை, இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கிறது. அதில் ரகசியம் சர்வருக்குப் போவதே இல்லை, சரிபார்க்க மட்டும் உதவும் இன்னொரு சாவிதான் போகிறது. தளத்தின் முகவரி ஒத்துப்போகாவிட்டால், நுழையத் தேவையான டிஜிட்டல் கையெழுத்தையே போன் போடாது.

பாஸ்கீ எல்லாத் தளங்களுக்கும் வரும் வரைக்கும் ஆதன்டிகேட்டர்தான். போன் தொலைந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் தொலைவதற்கு முன்பே யோசித்து வையுங்கள். கூகுள் செயலி 2023 ஏப்ரலில்தான் ரகசியங்களை நம் கூகுள் அக்கவுன்ட்டில் சேமிக்கும் வசதியைக் கொண்டுவந்தது; ஏஜிஸில் பாஸ்வேர்ட் போட்டு பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம். பல தளங்கள் முதல் நாளிலேயே, போன் இல்லாதபோது நுழைய உதவும் பேக்கப் கோடுகள் தருகின்றன, முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே மூடிவிடுகிறோம். நான் அவற்றைத் தாளில் எழுதி, மருமகன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன்.