‘எல்ஸ்’ என்றால் இன்டெல் இல்லை

போன சனிக்கிழமை உவர்மலையில் என் வீட்டுக்கு ஒரு தம்பி லப்டொப்போடு வந்தார். நிலாவெளியில் வெங்காயத் தோட்டத்து நீர்ப்பம்பிக்காக ஒரு சின்ன நிரல் மொழியும், அதைப் புரொசசரின் கட்டளைகளாக மாற்றும் கொம்பைலரும் எழுதியிருக்கிறார். இன்டெல் லப்டொப்பில் எல்லாம் சரி. ஆர்ம் புரொசசர் உள்ள ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் போட்டால் பம்பி நிற்கவேயில்லை.

காரணம் ஒரு முழு எண் வகுத்தல். மண் ஈரத்தின் கூட்டுத்தொகையை, வேலை செய்யும் மானிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார். வயர் கழன்று எண்ணிக்கை பூச்சியமானால் இன்டெல் புரொசசர் தானே நிறுத்திவிடும். 64 பிட் ஆர்ம் சத்தமில்லாமல் 0 என்று விடை தரும். ஈரம் 0 என்றால் மண் காய்ந்துவிட்டது என்று பம்பி ஓடும்.

அதைத் திருத்திய விதம்தான் எனக்குக் கோபம். நிரலை வாசிக்கும் முன்பகுதியான பார்சருக்குள்ளேயே ‘இஃப் ஆர்ம்’ என்றால் பூச்சியத்தைச் சோதி, ‘எல்ஸ்’, அதாவது வேறு எதுவானாலும், அப்படியே விடு. நாளைக்கு ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு புரொசசர் குடும்பம் வந்தால் அதுவும் அந்த எல்ஸுக்குள்தான் விழும். அங்கே நிற்கவும் நிற்காது, 0-உம் வராது, -1 வரும். இந்த வருடம் நான் பார்க்கும் நாலாவது எல்ஸ் இது.

“இப்போதைக்கு ஒரு புரொசசர்தானே அண்ணா, புரொசசருக்கான பகுதியைப் பிறகு பிரிக்கலாம்” என்பார்கள். பிறகு பிரிக்க முடியாது தம்பிமாரே! ஒரே புரொசசரோடு இருக்கும்போது எது மொழியின் விதி, எது புரொசசரின் குணம் என்று உங்களுக்கே தெரியாது. பூச்சியத்தால் வகுத்தால் நிற்க வேண்டும் என்பது அந்தத் தம்பியின் மொழி விதி. அதை அவர் எங்கேயும் எழுதவில்லை. இன்டெல் அவருக்காகச் செய்துகொண்டிருந்தது. எழுதாத விதியை இரண்டு வருடம் கழித்து எந்தக் கோப்பில் தேடுவீர்கள்? தனிக் கோப்பில் போட்டாலும் பிரித்ததாகாது. நிரலை வாசிக்கும் முன்பகுதிக்கும் புரொசசரின் கட்டளைகளை எழுதும் பின்பகுதிக்கும் இடையிலுள்ள கொம்பைலரின் நடுப்பகுதி புரொசசரின் பெயரைக் கேட்கிறதென்றால் இன்னும் பிரிக்கவில்லை.

நடுப்பகுதியில் ‘சோதித்து வகு’ என்று ஒரே செயலை வையுங்கள். இன்டெலின் பின்பகுதி அதை வெறும் வகுத்தலாக்கட்டும், மற்றவை சோதனையைச் சேர்க்கட்டும். இன்டெலில் வேகம் குறையாது. பெரிய கொம்பைலர்களைப் பாருங்கள்: ஜிசிசியின் மூலநிரலில் ‘கொன்ஃபிக்’ ஃபோல்டரையும், எல்எல்விஎம்மில் ‘டார்கெட்’ ஃபோல்டரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒவ்வொரு புரொசசர் குடும்பத்துக்கும் தனி வீடு இருக்கும்.

அப்புறம் ஒரு கெஞ்சல். இரண்டாவது புரொசசரை முதல் வாரத்திலேயே சேருங்கள். ராஸ்பெரி பை போன்ற போர்ட் வாங்கக் காசில்லையென்றால், வேறு புரொசசர்களைப் போல நடிக்கும் கியூஎமு மென்பொருள் இலவசம். ஆர்மும் ரிஸ்க்-ஃபைவும் அதற்குள்ளேயே ஓடும். முதல் சோதனையாகப் பூச்சியத்தால் வகுத்துப் பாருங்கள்.