முளைக்கும் விதையின் மேல் ஏன் கல் வைக்கிறோம்?

"மைக்ரோகிரீன்ஸ் (இளங்குருத்திலேயே கத்தரித்துச் சாப்பிடும் கீரை) ட்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் ஒரு கல்லும் வைக்கச் சொல்கிறார்களே, குருத்து நசுங்கிப் போகாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தார். முள்ளங்கி வேரைச் சுற்றி வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டதென்று ஒரு ட்ரே முழுவதையும் கொட்டிவிட்டாராம். அதற்குக் கடைசியில் வருகிறேன். கல்லைப் பற்றி முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் தாவரவியலில் எனக்கு மிகப் பிடித்த சங்கதி அந்தக் கல்லுக்கு அடியில்தான் நடக்கிறது.

முளைப்பதன் ஆரம்பம் பள்ளியில் படித்ததுதான். விதை நீரை உறிஞ்சி உப்புகிறது, நொதிகள் வேலையைத் தொடங்கிச் சேமித்த மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கின்றன, முளைவேர் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. பயறு முளைகட்டும் அடுக்கு ட்ரேக்களில் அடியில் துளைகள் இருக்கும். மேல் தட்டில் ஊற்றிய நீர் ஒவ்வொரு தட்டாக நனைத்துக்கொண்டு கீழே இறங்கும். முளைக்கும் விதை வேகமாகச் சுவாசிக்கிறது, அதனால் நெருக்கமாகக் கிடக்கும் விதைகளுக்குள் சூடு சேர்கிறது. நாளுக்கு இரண்டு மூன்று முறை அலசினால்தான் அந்தச் சூடு வெளியேறும். முளைப்பயறை வேரோடும் விதையோடும் சாப்பிடுகிறோம், அதற்கு வெளிச்சமே தேவையில்லை. மைக்ரோகிரீன்ஸ் அப்படியல்ல. தென்னைநார்த் தூளிலோ மண்ணிலோ விதையைத் தூவி, முதல் மூன்று நான்கு நாள் இருட்டில் அடுக்கி வைத்து, அப்புறம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, வேருக்கு மேலே கத்தரித்து எடுப்பது.

சரி, அந்த மூன்று நான்கு நாளுக்கு ஏன் மேலே பாரம்?

மண்ணுக்குள் புதைந்த ஒரு விதையை நினைத்துப் பாருங்கள். அதன் தண்டின் நுனியில் இருக்கும் வளர்முனை மிக மென்மையானது. செடியின் எதிர்காலம் முழுக்க அந்தக் கடுகளவு திசுவில்தான் இருக்கிறது. மணலும் கூழாங்கல்லும் நிறைந்த மண்ணில் அதை முன்னால் நீட்டினால் உரசியே அழிந்துவிடும். அதனால் குருத்து தலையைக் குனிந்துகொள்கிறது. தண்டின் மேற்பகுதி கொக்கிபோல் வளைகிறது, வளைவின் முதுகு மண்ணை முட்டித் திறக்கிறது, நுனியும் மூடிய விதையிலைகளும் பின்னால் பத்திரமாக இழுபட்டு வருகின்றன. நெரிசலில் தலையைத் தாழ்த்தித் தோளைக் கொடுத்து நுழைகிறோமே, அதே உத்திதான்.

இந்த வளைவு வெறும் மடிப்பு அல்ல. வளைவின் உட்புறத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சேர்ந்து, அந்தப் பக்கத்துச் செல்கள் நீள்வதைத் தடுக்கிறது. வெளிப்புறச் செல்கள் நீண்டுகொண்டே போவதால் தண்டு வளைகிறது. ஒரு செல் கொக்கியைக் கடந்து கீழே வந்ததும் நிமிர்ந்துவிடுகிறது, அதன் இடத்துக்கு மேலிருந்து புதிய செல் வருகிறது. கொக்கி அதே கொக்கியாக இருக்க, அதற்குள் இருக்கும் செல்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

மண் இறுகலாக இருந்தால் இந்த வளைவு மட்டும் போதாது, தண்டுக்கு வலுவும் வேண்டும். மேலே இறுகலாக இருக்கிறது என்பதைக் கண்ணில்லாத குருத்து எப்படித் தெரிந்துகொள்கிறது? ஒரு வாயுவால். அழுத்தத்துக்கு உள்ளாகும் குருத்து எத்திலீனை அதிகமாகச் சுரக்கிறது. மண்ணின் இடுக்கில் அந்த வாயு எளிதில் கலைந்து போகாமல் குருத்தைச் சுற்றியே தங்குகிறது. எத்திலீன் சேர்ந்ததும் மூன்று மாற்றங்கள் வரும்: நீள்வது குறையும், தண்டு பருக்கும், கொக்கி இன்னும் இறுகும். வாழைப்பழத்தைப் பழுக்க வைப்பதும் இதே வாயுதான்.

இதைக் கண்டுபிடித்த கதை அழகானது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் டிமித்ரி நெல்யுபோவ் என்ற மாணவர் பட்டாணி வளர்த்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் இருட்டில் வளர்த்த முளைகள் நேராக எழாமல் பக்கவாட்டில் படுத்து வளர்ந்தன. வெளிக்காற்றுக்குக் கொண்டுபோனால் நிமிர்ந்தன. ஆய்வக விளக்குகளுக்கு வந்த நிலக்கரி வாயு காற்றில் கலந்திருப்பதே காரணம் என்று பிடித்தார். அந்த வாயுவில் எந்தப் பொருள் என்று தேடிப் போய், எத்திலீன் என்று 1901இல் வெளியிட்டார். "பட்டாணி படுத்து வளர்ந்தால் யாருக்கு என்ன லாபம்?" என்று அன்று யாராவது கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்று பழங்களைக் கெடாமல் கப்பலில் அனுப்புவதும், வந்திறங்கிய பிறகு பழுக்க வைப்பதும் எத்திலீனைக் கட்டுப்படுத்தித்தான் நடக்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போது முதல் பக்கத்திலேயே பயனை எழுதிக் காட்டச் சொல்வது எனக்கு ஒப்புக்கொள்ளவே முடியாத வழக்கம்.

தண்டு எப்படிப் பருக்கிறது என்பதுதான் இதில் உச்சம். செல் வளர்வது பலூன் உப்புவது போல, உள்ளே நீர் அழுத்தும், சுவர் விரியும். ஒரு நீளமான பலூனில் குறுக்கே வரிவரியாக நூலைச் சுற்றிவிட்டு ஊதினால் அது பக்கவாட்டில் பெருக்க முடியாது, நீளத்தான் முடியும். சாதாரணமாக நீளும் தண்டுச் செல்லில் செல்லுலோஸ் இழைகள் இப்படிக் குறுக்காகச் சுற்றியிருக்கின்றன. அந்த இழைகளை எந்தத் திசையில் இடுவது என்று காட்டும் தடங்களாக, சுவருக்கு உட்புறம் நுண்குழல்கள் இருக்கின்றன. எத்திலீன் வந்ததும் நுண்குழல்கள் நெடுக்காகத் திரும்பிவிடுகின்றன. இனி விழும் இழைகளும் நெடுக்காகவே விழும். இப்போது கட்டு நீளத்துக்கு, அகலத்துக்குத் தடையில்லை. உள்ளே நீர் அழுத்தும் முறை மாறவில்லை, நூல் சுற்றிய திசை மட்டும்தான் மாறியது. செல் குட்டையாகி, பருமனாகிறது.

ஆக, நாம் வைக்கும் கல் மண்ணின் இடத்தில் நிற்கிறது. மேல் ட்ரேயின் அடிப்பகுதி அழுத்துவதை "இன்னும் நான் மண்ணுக்குள்தான் இருக்கிறேன்" என்று குருத்து எடுத்துக்கொள்கிறது. நான் சூரியகாந்தி விதையை இரண்டு ட்ரேக்களில் ஒரே நாளில் தூவிப் பார்த்தேன். ஒன்றின் மேல் வெறும் மூடி, மற்றதன் மேல் ஒரு ட்ரேயும் 2 கிலோ கல்லும். நான்காம் நாள் காலை பார்த்தபோது கல் வைத்த ட்ரே ஒரு விரல்கடை அளவு மேலே எழும்பி நின்றது. கீழே நூற்றுக்கணக்கான வளைந்த முதுகுகள் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. விதைத்தோல்கள் பெரும்பாலும் கழன்று கிடந்தன, வேர்கள் நாரை இறுகப் பிடித்திருந்தன. வெறும் மூடி போட்டதில் முளைகள் நூல்போல் நீண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. சியா, துளசி போல நனைந்ததும் பசை கட்டும் விதைகளுக்கு மட்டும் பாரம் வேண்டாம், மேல் ட்ரேயில் ஒட்டிக்கொள்ளும்.

பாரத்தை எடுத்து வெளிச்சத்தில் வைத்ததும் அடுத்த காட்சி. ஃபைட்டோக்ரோம் போன்ற ஒளி உணர்விகள் வெளிச்சத்தை அறிந்ததும் கொக்கியின் உட்புறச் செல்களும் நீளத் தொடங்கும், சில மணி நேரத்தில் தலை நிமிரும். வெளிறிய மஞ்சள் இலைகள் பச்சையாவதும் அன்றே தொடங்கிவிடும். இருட்டிலேயே பச்சையத்தின் முன்பொருளைச் செய்து தயாராக வைத்திருக்கிறது குருத்து. பாக்கியுள்ள படிகளில் ஒன்றைச் செய்யும் நொதிக்கு வெளிச்சம் பட்டால்தான் வேலை ஓடும். (பைன் போன்ற ஊசியிலை மரங்களுக்கு வெளிச்சம் தேவைப்படாத இன்னொரு நொதியும் உண்டு, அவற்றின் கன்றுகள் இருட்டிலும் பச்சையாகும்.)

முளைப்பயறு ட்ரேக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். முளைக்கு இதமான ஈரமும் சூடும் கிருமிக்கும் இதம். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விதைத்தோலின் வெடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை அலசி மட்டும் போக்க முடியாது. அடுக்கு ட்ரேயில் மேல் தட்டின் நீர்தானே கீழ்த்தட்டுகளுக்கும் போகிறது, ஒரு தட்டில் இருப்பது எல்லாவற்றுக்கும் போய்விடும். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் முளைப்பயறை நன்றாக வேகவைத்தே சாப்பிடட்டும். தட்டில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த வெள்ளைப் பூஞ்சை. அது பெரும்பாலும் பூஞ்சையே இல்லை, வேர்த்தூவிகள். முள்ளங்கி, கடுகு வேர்களில் இவை பஞ்சுபோல் அடர்த்தியாக வரும். ஒவ்வொரு தூவியும் ஒற்றைச் செல்லின் நீட்சி. அடையாளம் காண வழி எளிது. தண்ணீரைத் தெளியுங்கள். தூவிகள் வேரோடு ஒட்டிப் படிந்து கண்ணுக்கு மறைந்துவிடும், காய்ந்ததும் திரும்ப எழும். பூஞ்சையாக இருந்தால் தண்ணீர் பட்ட பிறகும் சிலந்திவலைபோல் விதைக்கு விதை படர்ந்தே தெரியும், முக்கல் வாடையும் வரும். அப்படி இருந்தால் மட்டும் கொட்டுங்கள்.