சிம்மில் வைக்கும் மரபணு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி, சின்னவிளை கரையில் மணல் கறுப்பும் சிவப்புமாக வரிவரியாகக் கிடக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். அவற்றோடு கலந்து கிடப்பதுதான் மோனசைட். இங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் 1909-ல் அதைக் கண்டுபிடித்தவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். கேஸ் விளக்கு மேண்டில் செய்ய அப்போது தோரியம் என்ற கதிரியக்க உலோகத்துக்கு ஏக கிராக்கி. மோனசைட்டில் இருக்கும் அந்தத் தோரியத்தால்தான் இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு சற்றுக் கூடுதல். கிள்ளியூர் பக்கம் அணுக்கனிமச் சுரங்கப் பேச்சு வந்ததிலிருந்து இது டீக்கடை விவாதமாகவும் ஆகிவிட்டது. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கதிர் பட்டால் செல் என்ன செய்யும்?

கதிர் டிஎன்ஏ இழையை அறுக்கக்கூடும். சேதம் தெரிந்ததும் பி53 என்ற புரதம் செல்லுக்குள் பெருகி, பல மரபணுக்களை முடுக்கிவிடும். அவற்றில் ஒன்று, முதலாம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கும் எம்ஐஆர்34ஏ. 2007-ல் பல ஆய்வுக்குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பி53 இதை முடுக்குவதைக் கண்டன. அவை பெரும்பாலும் ஆய்வகச் செல்களில் பலத்த சேதம் உண்டாக்கிப் பார்த்த சோதனைகள். அதை அப்படியே நம் கரைக்குப் பொருத்திவிடக் கூடாது. இதே மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நடந்த பெரிய ஆய்வு, அங்கே புற்றுநோய் கூடியிருப்பதாகக் காணவில்லை என்று 2009-ல் சொன்னது.

வேடிக்கை என்னவென்றால், எம்ஐஆர்34ஏ எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. அதிலிருந்து வருவது ஒரு நீள ஆர்என்ஏ, அதாவது அந்த மரபணுவின் நகல் இழை. அது மடிந்து தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். உட்கருவுக்குள் ட்ரோஷா என்ற நொதி அதை வெட்டும். வெளியே வந்ததும் டைசர் இன்னொரு முறை வெட்டும். மிஞ்சுவது 22 எழுத்துத் துண்டு (ஏ, யூ, ஜி, சி என்ற நான்கு வேதிக் கண்ணிகளைத்தான் எழுத்து என்கிறோம்). இதுதான் மைக்ரோஆர்என்ஏ. ஆர்கோநாட் என்ற புரதம் அதை ஏந்திக்கொண்டு தூது ஆர்என்ஏக்களை, அதாவது புரதம் செய்வதற்கான செய்தியை மரபணுவிலிருந்து சுமந்துவரும் இழைகளை, தேடிக் கிளம்பும்.

22 எழுத்திலும் 2 முதல் 8 வரை உள்ளவைதான் முக்கியம்: ஜி ஜி சி ஏ ஜி யூ ஜி. ஜி-க்கு சி, ஏ-க்கு யூ ஜோடி. தூது ஆர்என்ஏவின் வால்பகுதியில் எதிரெதிரே சி சி ஜி யூ சி ஏ சி என்று அமைந்தால் போதும், ஒட்டிக்கொள்ளும். மற்ற எழுத்துகள் முழுக்கப் பொருந்த வேண்டியதில்லை. ஒட்டியபின் அந்தத் தூதிலிருந்து புரதம் உருவாவது குறையும். தூதும் சீக்கிரம் சிதையும்.

ஏழே எழுத்து என்பதால் பல தூதுகளில் இது வாய்த்துவிடுகிறது: செல் பிரிவதற்கு வேண்டிய சிடிகே4, சிடிகே6, சாவைத் தள்ளிப்போடும் பிசிஎல்2, இன்னும் பல. எதையும் முழுக்க அணைப்பதில்லை, அடுப்பைச் சிம்மில் வைப்பதுபோல ஒவ்வொன்றையும் கொஞ்சம் குறைக்கிறது. எல்லாம் சேரும்போது செல் பிரிவது நிற்கும், பழுதுபார்க்க அவகாசம் கிடைக்கும். பழுது தீராத செல் தானாகவே சாகும்.

பல புற்றுக்கட்டிகளில் இந்த மரபணு மௌனமாகக் கிடக்கிறது. குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புச் செல் புற்றில் சிலருக்கு அந்தக் குரோமோசோம் பகுதியே இருக்காது. அப்படியானால் அந்தத் துண்டை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? 2013-ல் எம்ஆர்எக்ஸ்34 என்ற மருந்தை, கொழுப்புக் குமிழியில் அடைத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கவும் செய்தது. ஆனால் நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கொந்தளித்ததால் 2016-ல் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. அப்புறம் எலிகளில் வேறு வழி பார்த்தார்கள்: குமிழி இல்லாமல், துண்டை ஃபோலேட் என்ற பி வைட்டமினோடு கோத்துக் கொடுப்பது. ஃபோலேட்டை அதிகம் இழுக்கும் புற்றுச் செல்கள் அதையும் சேர்த்து இழுத்துக்கொள்கின்றன.