ஜீப்ரா கிராசிங்: வரிக்குதிரையும் கடவையும்

வாகனம் ஓட்டக் கற்றுக்கொள்பவர் முதலில் அறிந்துகொள்ளும் சாலைக் குறிகளுள் ஒன்று ‘ஜீப்ரா கிராசிங்’. நடந்து செல்வோர் சாலையைக் கடப்பதற்கென்று, அகலமான வெள்ளைப் பட்டைகளை இடைவெளி விட்டுத் தீட்டி ஒதுக்கிய பகுதியை இச்சொல் குறிக்கிறது.

இப்பெயர் பிரிட்டனில் பிறந்தது. 1930களில் அங்கே கடக்குமிடங்களை உலோகக் குமிழ்களைச் சாலையில் பதித்தும், மஞ்சள் உருண்டை பொருத்திய கம்பங்களை ஓரத்தில் நட்டும் காட்டினார்கள். நடப்பவருக்குக் கம்பம் தெரிந்தது. விரைந்து வரும் ஓட்டுநருக்கோ தரையிலிருந்த குமிழ்கள் எளிதில் புலப்படவில்லை. ஆகவே 1949இல் பட்டைகள் தீட்டிச் சோதித்தார்கள், 1951இல் அவை சட்டப்படி நடைமுறைக்கு வந்தன. கறுத்த சாலையில் வெள்ளை வரிகள் மாறி மாறி வரும் தோற்றமே வரிக்குதிரையின் பெயரைப் பெற்றுத் தந்தது.

பட்டைகள் கிடக்கும் திசையையும் கவனிக்க வேண்டும். அவை சாலைக்குக் குறுக்காக அல்லாமல், வாகனம் செல்லும் திசையிலேயே நீண்டு கிடக்கின்றன. ஓட்டுநர் இருக்கையிலிருந்து தொலைவில் பார்க்கும்போது, குறுக்காக இழுத்த ஒரு கோடு நூல்போல மெலிந்துவிடும். நீளவாக்கில் கிடக்கும் பட்டைகளோ வெள்ளைக் கட்டங்களாகத் திரண்டு தெரியும். இரவில் ஒளிர்வதற்காக வண்ணத்தில் நுண்ணிய கண்ணாடி மணிகளைத் தூவுவதுண்டு. மழைநீர் அவற்றை மூடும்போது ஒளிர்வு குறைந்துவிடுவதால், ஈரச் சாலையில் இக்குறியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

தமிழில் இதற்கு ‘வரிக்குதிரைக் கடவை’ என்ற நேர்பெயர்ப்பு வழங்குகிறது. ‘வரி’ என்றால் கோடு. வரிப்புலி என்பதிலும் அதே சொல்தான். பெயர்ப்பில் பிழை இல்லை. எனினும் இது குறியின் தோற்றத்தை மட்டுமே சொல்கிறது. அந்த இடம் யாருக்கு உரியது என்பதைச் சொல்வதில்லை. இலங்கைத் தமிழர் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘பாதசாரிக் கடவை’ அதைச் சொல்லிவிடுகிறது. பட்டைகள் மஞ்சளாக இருந்ததால் ‘மஞ்சள் கடவை’ என்றும் அங்கே அழைப்பார்கள்.

இப்பெயர்களின் உயிர் ‘கடவை’ என்னும் சொல்லில் இருக்கிறது. ‘கட’ என்ற வினையடியிலிருந்து பிறந்து, கடந்து செல்லும் வழியைக் குறிக்கும் சொல் அது. கடவுச்சீட்டு, கடவுச்சொல் ஆகியவற்றில் வரும் ‘கடவு’ இதன் உறவுச்சொல். இருப்புப்பாதையைச் சாலை வெட்டும் இடத்தையும் ‘ரயில்வே கடவை’ என்கிறோம். ‘பாதசாரி’ வடமொழிச் சொல்லாயினும் தமிழில் நன்கு ஊன்றிவிட்டது. அதை விலக்க விரும்புவோர் ‘நடப்போர் கடவை’ எனலாம். என் தேர்வு ‘பாதசாரிக் கடவை’தான்; கேட்டவுடன் விளங்குகிறது, நடப்பவரை முன்னே நிறுத்துகிறது.

சிலர் இதையே ‘நடைபாதை’ என்று எழுதுவது பிழை. நடைபாதை சாலையோரமாகச் செல்வது. கடவை சாலையைக் குறுக்கே கடப்பது. அவ்வாறே, சைகை விளக்குள்ள இடங்களில் கடவைக்குச் சற்று முன்பாகக் குறுக்கே இழுத்திருக்கும் தடித்த வெள்ளைக் கோடும் கடவையின் பகுதி அன்று. அது ‘நிறுத்தக் கோடு’. சிவப்பு விளக்கு எரியும்போது வண்டியின் முன்முனை அக்கோட்டுக்கு இப்பாலேயே நிற்க வேண்டும்.