பிங் வருகிறது என்றால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை

திங்கட்கிழமை காலை 9:10-க்கு போன். ஈரோட்டுப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், ஆன்லைனிலும் விற்கிறார். "தம்பி, நேத்து ஒரு ஆர்டர்கூட வரலைங்க, சைட்டைக் கொஞ்சம் பாருங்க" என்றார். ஆடித் தள்ளுபடியின் கடைசி ஞாயிறு அது. விளம்பரத்துக்குப் பணம் கட்டி ஆட்களை வரவைத்திருக்கிறார், வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போயிருக்கிறார்கள். சைட் ஓடும் சர்வருக்குள் நுழைந்து பார்த்தால் டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருக்கிறது. ஏதோ ஒரு பிளகின் (சைட்டில் சேர்க்கும் துணை மென்பொருள்) எழுதித் தள்ளிய லாக் ஃபைல் (நடப்பதைக் குறித்துவைக்கும் கோப்பு) மட்டும் 31 ஜிபி. எழுத இடமில்லாமல் சனிக்கிழமை இரவு 11:10-க்கே சைட்டின் விவரங்களை வைத்திருக்கும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் நின்றுபோய்விட்டது. ஆக 34 மணி நேரம்! இத்தனைக்கும் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் ஞாயிறு மதியமே சந்தேகப்பட்டு பிங் (மெஷின் நெட்டில் பதில் சொல்கிறதா என்று கேட்கும் சின்னக் கட்டளை) அடித்துப் பார்த்து, "பதில் வருதுங்க, சர்வர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறான்.

இந்த வருடம் இதே பதிலை நான் கேட்பது நான்காவது முறை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பிங்குக்குப் பதில் சொல்வது உங்கள் வெப்சைட் இல்லை. அந்த மெஷினில் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் சொல்கிறது. பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருள் செத்திருக்கலாம், டேட்டாபேஸ் படுத்திருக்கலாம், சைட் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியாகி பிரவுசர் சிவப்புப் பக்கம் காட்டிக்கொண்டிருக்கலாம், பிங் பாட்டுக்கு 20 மில்லிசெகண்டில் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். கடை போர்டில் லைட் எரிவதை மட்டும் பார்த்துவிட்டு கடை திறந்திருக்கிறது என்பீர்களா? ஷட்டர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? சரி, பிங்கை விட்டுவிட்டு ஹெச்டிடிபி 200 ('எல்லாம் சரி' என்று சர்வர் பிரவுசருக்குச் சொல்லும் கோடு) வருகிறதா என்று பார்த்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. இவர் சைட்டில் டேட்டாபேஸ் போனதும் "சிறிது நேரம் கழித்து வாருங்கள்" என்று ஒரு பக்கம் வந்தது, அதுவும் 200 கோடோடு. (டெவலப்பர் தம்பி தங்கைகளே, பிழைப் பக்கத்துக்கு, 'இப்போது சேவை இல்லை' என்று சொல்லும் 503 கோடு கொடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.) சிடிஎன் (பக்கங்களின் நகலைப் பல ஊர் சர்வர்களில் வைத்துக் கொடுக்கும் சேவை) போட்டிருந்தால் இன்னும் மோசம். பின்னால் சர்வரே இல்லாதபோதும் கேஷில், அதாவது சேமித்துவைத்த நகலில், இருக்கும் முகப்புப் பக்கம் பளிச்சென்று வந்து நிற்கும். டேட்டாபேஸிலிருந்து ஒரு வரியாவது படித்துக் காட்டும் தனிப் பக்கம் ஒன்று வையுங்கள், அதைக் கேஷ் செய்யாதீர்கள், அந்தப் பக்கத்தில் வரவேண்டிய சொல் வருகிறதா என்று மானிட்டரை (சைட்டைக் கண்காணிக்கும் மென்பொருளை) பார்க்கச் சொல்லுங்கள்.

"எச்சரிக்கை மெயில் வைச்சிருந்தோமேங்க" என்றார் கடைக்காரர். வைத்திருந்தார்கள், உண்மைதான். ஆனால் டிஸ்க்கைக் கவனிக்கும் ஸ்கிரிப்ட் அதே சர்வரில், மெயில் அனுப்பும் வேலையும் அதே சர்வரில், அதே டிஸ்க்கில். டிஸ்க்கில் இடமில்லை என்று சொல்ல வேண்டிய மெயிலுக்கு, கியூவில் உட்காரவே இடமில்லை. பெரிய இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்னும் கோப்புச் சேமிப்புச் சேவை விழுந்தபோது, எந்தச் சேவை ஓடுகிறது, எது ஓடவில்லை என்று அறிவிக்கும் அவர்களுடைய பலகையைக்கூட மாற்ற முடியவில்லை, ஏனென்றால் அதை இயக்கும் ஏற்பாடும் எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது. கண்காணிக்கிறவன் வெளியே இருக்க வேண்டும். வேறு கம்பெனியின் சின்ன விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றில் அப்டைம் கூமா என்னும் கண்காணிப்புக் கருவியைப் போட்டாலே போதும், அது திறமூல மென்பொருள், டெலிகிராமுக்கும் செய்தி அனுப்பும்.

ஹோஸ்டிங் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 99.9 சதவீத நேரம் ஓடும் என்று எழுதிக் கொடுத்தாலும் வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம் விழுந்து கிடக்க அதில் இடமிருக்கிறது. அதுவும் பெரும்பாலும் மெஷினுக்கும் நெட்வொர்க்குக்கும் கொடுக்கும் வாக்குதான், உங்கள் பிளகினுக்கு இல்லை.

அப்புறம் எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்று இன்றைக்கே பாருங்கள். வேலையை விட்டுப் போனவரின் மெயில் ஐடிக்குப் போய்க்கொண்டிருப்பதை நான் எத்தனை தடவை பார்த்துவிட்டேன்! மெயில் மட்டும் போதாது, ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் மெயில் பார்ப்பதில்லை. போன் அடிக்க வேண்டும், அந்த நம்பர் மட்டும் டூ நாட் டிஸ்டர்பைத் தாண்டி வரும்படி வைத்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஒருவர் எடுக்கவில்லை என்றால் அடுத்தவருக்குப் போக வேண்டும். எஸ்எம்எஸ் வேண்டும் என்றால் டிஎல்டி பதிவு (கம்பெனிகள் எஸ்எம்எஸ் அனுப்ப இந்தியாவில் கட்டாயமான பதிவு), டெம்ப்ளேட் அனுமதி எல்லாம் வாங்க வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே செய்துவையுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை சோதியுங்கள், ஆனால் ஒரு தடவை தவறியதும் அலறவிடாதீர்கள், அடுத்தடுத்து இரண்டு தடவை தவறினால் மட்டும் அடிக்கட்டும். தினமும் இருபது பொய் எச்சரிக்கை வந்தால் மூன்றாம் நாளே எச்சரிக்கை வரும் குரூப்பை மியூட் செய்துவிடுவீர்கள், இருபத்தொன்றாவது உண்மையாக இருக்கும்.

டிஸ்க் 80 சதவீதம் தொடும்போதே சொல்லவேண்டும், லாக்குக்கு, பழையதை அவ்வப்போது நீக்கும் லாக்ரொட்டேட் போடவேண்டும். சான்றிதழ், டொமைன் இரண்டின் காலாவதித் தேதியையும் மானிட்டரில் ஏற்றுங்கள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனிலிருந்து காலாவதி நினைவூட்டல் மெயில் அனுப்புவதை நிறுத்திவிட்டது, "மெயில் வரும், அப்போ பார்த்துக்கலாம்" என்று இன்னமும் உட்கார்ந்திருக்காதீர்கள்.

எல்லாம் போட்டு முடித்ததும், தயவுசெய்து, ஒரு தடவை நீங்களே சர்வரை நிறுத்திப் பாருங்கள். இவர் கடையில் புதன்கிழமை ராத்திரி ஆர்டர் ஓய்ந்த நேரமாகப் பார்த்து என்ஜின்எக்ஸை நிறுத்தினேன். மூன்றாவது நிமிடம் அவர் போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இதுதானுங்களா அந்தச் சத்தம்? பையனோட போன்லயும் இதையே வைச்சுக் குடுத்துருங்க தம்பி."