புழு செத்தது, இழை குட்டையானது: புர்கினா ஃபாசோவின் பி.டி. பருத்தி

2008-இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோ, காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணு ஏற்றிய பி.டி. பருத்தியை வணிகரீதியாகப் பயிரிட அனுமதி தந்தது. ஆறே ஆண்டுகளில் அந்நாட்டின் பருத்திப் பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் பி.டி. ஆனது. 2016 பருவத்தில் விதைத்ததோ முழுக்கச் சாதாரணப் பருத்தி. போராட்டம் நடத்தி யாரும் விரட்டவில்லை, புழு எதிர்ப்புத்திறன் பெற்றுவிடவும் இல்லை. விதையைக் கொடுத்துக்கொண்டிருந்த பருத்தி நிறுவனங்களே கொடுப்பதை நிறுத்தின. பஞ்சின் இழை குட்டையாகிவிட்டது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

மரபணு தன் வேலையைச் சரியாகவே செய்தது. மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா ஒரு புரதப் படிகத்தை உருவாக்குகிறது. காய்ப்புழுவின் நடுக்குடல் காரத்தன்மை கொண்டது. அங்கே படிகம் கரைகிறது, குடல் நொதிகள் அதை வெட்டிச் செயல்பட வைக்கின்றன, வெட்டுப்பட்ட துண்டு குடல் செல்களின் மேலுள்ள ஏற்பிகளில் ஒட்டித் துளை போடுகிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தும், சில நாளில் சாகும். மனிதக் குடலில் அந்த ஏற்பிகள் இல்லை, வயிற்று அமிலமும் புரதத்தைச் சிதைத்துவிடும். புர்கினாவுக்குப் போன ரகத்தில் இப்படி இரண்டு புரதங்கள் இருந்தன: கிரை1ஏசி, கிரை2ஏபி. காய்ப்புழுவுக்காகப் பருவத்துக்கு ஆறு முறை மருந்தடித்தவர்களுக்கு இரண்டு முறை போதுமானது. அந்த இரண்டும் அசுவினி, தத்துப்பூச்சி மாதிரி சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு. செடியின் சாற்றை உறிஞ்சுகிற பூச்சிகளை இந்தப் புரதம் ஒன்றும் செய்யாது. மகசூலும் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடியது.

பிறகு எங்கே கோளாறு? அதற்கு இந்த மரபணு எந்தச் செடியில் முதலில் ஏறியது என்று பார்க்க வேண்டும். பருத்தியில் எல்லா ரகத்திலும் மரபணுவை ஏற்றிவிட முடியாது. மரபணு ஏறிய ஒற்றைச் செல்லை ஆய்வகத்தில் முழுச் செடியாக வளர்த்தெடுக்க வேண்டும், பெரும்பாலான ரகங்கள் அதற்கு மசிவதில்லை. நன்றாக மசிவது கோக்கர் 312 என்ற பழைய அமெரிக்க ரகம். முதல் மரபணு ஏறியது அதில்தான். அங்கிருந்து டிபி50 என்ற இன்னொரு அமெரிக்க ரகத்துக்குக் கலப்பு மூலம் மாற்றி, அதன் வளர்நுனியில் உலோகத் துகள்களைச் சுட்டு இரண்டாவது மரபணுவையும் ஏற்றினார்கள். இரண்டு மரபணுக்களும் அமெரிக்க உடம்போடுதான் ஆப்பிரிக்காவுக்கு வந்தன. அவற்றை உள்ளூர் ரகத்துக்குக் கொண்டுபோகும் வழி பிற்கலப்பு: கலப்பில் பிறந்த செடியைத் திரும்பத் திரும்ப உள்ளூர் ரகத்தோடே கலப்பது.

வேலை எளிதுதான், நேரம்தான் பிடிக்கும். நாளை மலரவிருக்கும் மொட்டை இன்று மாலை தேர்ந்தெடுத்து, இதழையும் மகரந்தப் பைகள் மொய்த்த குழலையும் கட்டைவிரல் நகத்தால் வளைத்துக் கீறிக் கழற்ற வேண்டும். நடுவில் நிற்கும் சூலகத்தில் நகம் பட்டால் காய் உதிர்ந்துவிடும். வேறு மகரந்தம் விழாதபடி மூடி வைத்து, மறுநாள் காலை மற்ற ரகத்தின் பூவை அதன்மேல் தேய்த்து அடையாளச் சீட்டு கட்ட வேண்டும். பிடித்தால் ஒரு காயில் முப்பது விதை வரை கிடைக்கும். பிற்கலப்பில் அதில் பாதிதான் ஒரு பி.டி. மரபணுவைச் சுமக்கும். அவற்றை மட்டும் சோதித்துப் பிரித்து, அடுத்த பருவத்தில் மறுபடியும் உள்ளூர் ரகத்தோடே கலக்க வேண்டும்.

முதல் கலப்பில் உள்ளூர் ரத்தம் 50 சதவீதம். ஒரு பிற்கலப்பில் 75, இரண்டில் 87.5, மூன்றில் 93.75, ஆறில் 99-ஐத் தாண்டும். இவை சராசரிகள். பி.டி. மரபணுவுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள குரோமோசோம் துண்டு மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. மரபணுவைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் அந்தத் துண்டும் ஒட்டிக்கொண்டு வரும். அதில் இழை நீளத்தைக் குறைக்கும் அமெரிக்க மரபணு ஏதாவது இருந்தால் அதுவும் கூடவே குடியேறும். மானாவாரியில் ஆண்டுக்கு ஒரு பருவம் என்றால் ஆறு பிற்கலப்புக்கு ஆறு ஆண்டு. சந்தை அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்த ஆண்டுகள்தான்.

புர்கினாவில் இழை குட்டையானதற்குச் சொல்லப்பட்ட முதல் விளக்கம் இதுதான்: பிற்கலப்பு போதிய முறை நடக்கவில்லை. மரபணு போய் உட்கார்ந்த இடமோ அதன் செயல்பாடோ இழை வளர்ச்சியில் குறுக்கிட்டிருக்கலாம் என்பது இன்னொன்று. என் கணிப்பில் முதலாவதற்கே எடை அதிகம். இழை நீளம் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும் பண்பு. மேற்கு ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பல பத்தாண்டு தேர்வில் சேர்த்து வைத்ததும் அதைத்தான். அரைகுறைக் கலப்பில் முதலில் கலைவது இந்த மாதிரிப் பண்புகளே.

இழை குறைந்தால் என்ன நட்டம்? பருத்தி இழை என்பது விதைத்தோலிலிருந்து நீளும் ஒற்றைச் செல். பூ விரிந்த நாள் முதல் மூன்று வாரம் போல அது நீண்டுகொண்டே போகும், பிறகு உள்சுவரில் செல்லுலோஸ் படியும். நூற்பாலையில் நீள இழைகள் ஒன்றையொன்று அதிக தூரம் பற்றிக்கொள்ளும், மெல்லிய நூலும் அறாமல் ஓடும். குட்டை இழைக்கு முறுக்கு அதிகம் வேண்டும், நூல் அடிக்கடி அறும், கழிவும் கூடும். வாங்குகிறவர் இழை நீளத்தை அங்குலத்தின் 32-இல் ஒரு பங்குக் கணக்கில் அளக்கிறார், அதில் ஒரு படி இறங்கினாலே விலையும் இறங்கும். கையால் பறித்த, நீள இழைப் பஞ்சு என்ற பெயரை வைத்துத்தான் புர்கினா பஞ்சு கூடுதல் விலை பெற்றுவந்தது. அரவையிலும் அடி விழுந்தது. மேற்கு ஆப்பிரிக்க ரகங்களில் நூறு கிலோ பருத்தியை அரைத்தால் 40 கிலோவுக்கு மேல் பஞ்சு கிடைக்கும், பி.டி. ரகங்களில் அந்த விகிதம் குறைந்தது.

விவசாயி விற்பது விதையோடு கூடிய பருத்தி, எடைக் கணக்கில். நிறுவனம் விற்பது பஞ்சு, தரக் கணக்கில். சோஃபிடெக்ஸ், சோகோமா, ஃபாசோ கோட்டோன் என்ற மூன்று நிறுவனங்கள் நாட்டைப் பகுதி பிரித்துக்கொண்டு, விதையையும் உரத்தையும் கடனாகக் கொடுத்து, முன்பே அறிவித்த விலைக்குப் பருத்தியை வாங்குகின்றன. பி.டி. விதைக்கு ஹெக்டேருக்கு சுமார் 27,000 சிஎஃப்ஏ ஃபிராங்க் (அந்நாட்டு நாணயம்) கட்ட வேண்டியிருந்தது, சாதாரண விதைக்கு ஆயிரத்துக்கும் குறைவு. இருந்தும் மகசூலும் மிச்சமான மருந்தும் சேர்த்து, நல்ல ஆண்டுகளில் விவசாயிக்குக் கட்டுப்படியானது. இழப்பு பஞ்சு விற்றவர்களுக்கு. அவர்கள் விதை நிறுவனமான மான்சாண்டோவிடம் 48.3 பில்லியன் சிஎஃப்ஏ ஃபிராங்க் இழப்பீடு கேட்டார்கள், 2017-இல் சமரசம் ஆனது. விதையை நிறுத்துவது என்ற முடிவு வயலில் எடுக்கப்பட்டதல்ல. மருந்துத் தெளிப்பான் மறுபடியும் முதுகில் ஏறியது விவசாயிக்குத்தான்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது வேறு. கிறிஸ்டியானா பகுதியில் பி.டி. மக்காச்சோளத்தைத் தின்றும் சாகாத தண்டுத்துளைப்பான் பற்றிய ஆய்வு 2007-இல் வெளியானது. எதிர்ப்பு உள்ள அரிய புழுக்கள் தங்களுக்குள்ளேயே இணைந்து பெருகாமலிருக்க, பக்கத்தில் பி.டி. இல்லாத பயிர் கொஞ்சம் இருக்க வேண்டும், இதுதான் புகலிடப் பயிர். அதற்கு மருந்தடித்தால் 20 சதவீதம், அடிக்காவிட்டால் 5 சதவீதம் என்பது அங்குள்ள விதி. நம்மூர் பி.டி. பருத்திப் பொட்டலத்தோடு 120 கிராம் சாதா விதை தந்ததும் இதே கணக்கில்தான். கிறிஸ்டியானாவுக்கு அருகிலுள்ள வால்ஹார்ட்ஸ் பாசனப் பகுதியில் பலர் அந்த விதியைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை. பின்னர் நடந்த ஆய்வில் இந்தப் பூச்சியின் எதிர்ப்பு ஓங்கு பண்பு என்றும் தெரிந்தது. எதிர்ப்புள்ள பூச்சி சாதாப் பூச்சியோடு இணைந்தாலும் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும் என்றால், புகலிடப் பயிர் விதிப்படி இருந்தாலும் பலன் பாதிதான். அரை ஏக்கர்காரர் விதையை எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் சிக்கல் இன்னும் கூடும். மக்காச்சோளம் அயல் மகரந்தத்தில் காய்ப்பது. அடுத்த தலைமுறை விதையில் பி.டி. செடியும் சாதாச் செடியும் கலந்து நிற்கும், ஒரே கதிரில் பி.டி. மணியும் சாதா மணியும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றித் தின்னும் புழு நஞ்சைக் குறைந்த அளவிலேயே உட்கொண்டு தப்பிக்கும்.

தட்டைப்பயறு, அதாவது நம் காராமணி, இந்த வகையில் தொந்தரவு குறைந்தது. தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் எடுத்து வைத்த விதை பெரிதாகக் கெடாது. நைஜீரியா 2019-இல் அனுமதித்த சாம்பீ 20-டி ரகத்தில் கிரை1ஏபி மரபணு இருக்கிறது, அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. பூவிலும் காயிலும் குடையும் புள்ளிக்காய்ப்புழுவுக்காக எட்டுப் பத்து முறை மருந்தடித்த இடத்தில் இரண்டு முறை போதும் என்கிறார்கள் அதை உருவாக்கியவர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் காட்டுத் தட்டைப்பயறும் வேலியோரத்தில் தானாக முளைக்கிறது. தேனீ எப்போதாவது மகரந்தத்தை அங்கே கொண்டுபோகும், புழு தொடாத களைச்செடி என்னவாகும் என்ற கேள்வியை அதனால் தள்ளிவைக்க முடியாது.

அறுவடை முடிந்து பயறு வீட்டுக்கு வந்ததும் எதிரி மாறிவிடுகிறது. மூட்டையில் துளை போடுவது பயறு வண்டு, அதை இந்தப் புரதம் சீண்டாது. அதற்குப் புழக்கத்தில் உள்ள மருந்து மூன்று அடுக்குச் சாக்கு: தடித்த இரண்டு பாலித்தீன் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, வெளியே ஒரு நெய்த சாக்கு. நன்கு காய்ந்த பயறைக் கொட்டி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, ஒவ்வொரு பையின் வாயையும் தனித்தனியாக முறுக்கி மடித்துக் கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் ஆக்சிஜனை வண்டே சுவாசித்துத் தீர்த்துவிட்டு, பெருக வழியில்லாமல் செத்துப்போகும். பைகளில் துளை விழுந்து காற்று புகுந்தால் அது நடக்காது.