ஒரே ஓர் இதழுக்குத்தானே என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்

1973 பிப்ரவரி என்று அட்டையில் தேதியிட்டு வந்த, அமெரிக்காவின் மார்வெல் நிறுவனத்தின் 'அயர்ன் மேன்' காமிக்ஸின் 55-வது இதழை, வழக்கமாக வரைந்துகொண்டிருந்த ஜார்ஜ் டஸ்கா வரையவில்லை. அவருக்குப் பதிலாக வரைந்தவர் ஜிம் ஸ்டார்லின். அப்போது அவருக்கு 23 வயது, துறைக்குப் புதியவர். இந்த வேலை சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் என்ற நம்பிக்கைகூடத் தனக்கு இல்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். சொந்தமாக ஒரு பாத்திரத்தை நுழைக்க இதுவே கடைசி வாய்ப்பாக இருக்கலாம் என்று நினைத்து, கல்லூரியில் உளவியல் வகுப்பில் இருந்தபோது மனதில் தோன்றிய இருவரை அந்த இதழுக்குள் கொண்டுவந்துவிட்டார். ஒருவர், பின்னாளில் மார்வெல் படங்களின் பெரிய வில்லனான தானோஸ். இன்னொருவர், அதே படங்களில் நாயகர்களில் ஒருவராக வந்த டிராக்ஸ்.

நான் பதிப்புரிமை வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர். ஓவியர்களும் கதை எழுதுபவர்களும் "ஒரே ஒரு எபிசோட்தான் மேடம், அதற்கெல்லாம் அக்ரிமென்ட் எதற்கு?" என்று கேட்கும்போது நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அமெரிக்க மாத காமிக்ஸில் அச்சகத்துக்குப் போகவேண்டிய தேதி தள்ளிப்போகக் கூடாது. வழக்கமான குழு பக்கங்களை முடித்துத் தராவிட்டால் ஆசிரியருக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. பழைய கதையை மறுபடி அச்சிடலாம். 1975 ஜனவரி தேதியிட்ட 'கேப்டன் மார்வெல்' 36-வது இதழில் பெரும்பகுதி, 1967-ல் வந்த, அந்த நாயகனின் முதல் கதைதான். இல்லையென்றால் யாரையாவது பிடித்து அவசரமாக ஒரு தனிக்கதையை வாங்கிப் போடலாம், அல்லது முன்பே வாங்கி அலமாரியில் வைத்திருந்ததை எடுக்கலாம். இதைத்தான் ஃபில்-இன் என்பார்கள். எழுபதுகளில் மார்வெலுக்கு இப்படிக் கேட்ட நேரத்தில் எழுதித் தந்தவர்களில் பில் மான்ட்லோ முக்கியமானவர். பின்னாளில் மார்வெல் படங்களில் பிரபலமான ராக்கெட் ரக்கூன் முதலில் தலைகாட்டியதும் அவரும் ஓவியர் கீத் கிஃபனும் 1976-ல் செய்த ஒரு துணைக்கதையில்தான்.

இந்த மாதிரி வேலை பெரும்பாலும் புதியவர்களுக்கும் பணம் உடனே தேவைப்படுபவர்களுக்கும்தான் போகும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. தாளைப் படிக்க நேரமும் இருக்காது, படித்துக் கேள்வி கேட்கத் தைரியமும் இருக்காது.

தாள் என்றால் என்ன தாள்? அந்தக் காலத்தில் மார்வெல் கொடுத்த செக்கின் பின்பக்கத்தில் சில வரிகள் அச்சாகியிருக்கும். பணத்தை எடுக்க வேண்டுமானால் அங்கேதான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், உரிமையெல்லாம் நிறுவனத்துக்கு என்ற அந்த வரிகளின் கீழ் உங்கள் பெயர் நின்றுவிடும். 1976-ல் இயற்றப்பட்ட அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் 1978-ல் அமலுக்கு வந்ததும், நிறுவனம் ஒரு பக்க ஒப்பந்தத்தை எல்லோரிடமும் கொடுத்துக் கையெழுத்து வாங்கியது. 'கோஸ்ட் ரைடர்' பாத்திரத்துக்காக எழுத்தாளர் கேரி ஃப்ரெட்ரிக் போட்ட வழக்கில் இந்த இரண்டு தாள்களும்தான் அலசப்பட்டன. கீழ் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 1978 ஒப்பந்தத்தின் வாசகம் தெளிவாக இல்லை என்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பிறகு சமரசம் ஆனது. ஒரு பக்கத்தில் இருந்த சில வரிகளுக்காக, முதுமையில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தார்.

ஸ்டார்லின் 2017-ல் சொன்னதைக் கேளுங்கள். பேட்மேன் படமொன்றில் வந்துபோன, தான் உருவாக்கிய ஒரு சின்னப் பாத்திரத்துக்காக மார்வெலின் போட்டி நிறுவனமான டிசி அனுப்பிய செக், தன்னுடைய பாத்திரங்களான தானோஸ், கமோரா, டிராக்ஸ் மூவருக்கும் சேர்த்து மார்வெல் தந்ததைவிடப் பெரியது. அடுத்த ஆண்டே, தானோஸை நடுவில் வைத்து எடுத்த படம் 200 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அவர் பிறகு பேசிப் புதிய உடன்பாடு செய்துகொண்டார் என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அப்படிப் பேசும் பலம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மான்ட்லோவை 1992-ல் ஒரு கார் மோதியது. மூளையில் பட்ட காயத்தால் அதன் பிறகு அவருக்கு முழுநேரப் பராமரிப்பு தேவைப்பட்டது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே என்னிடம் வருபவர்கள் வெப்காமிக்ஸ், கதை ஆப், கேம் நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்கள். இரண்டு தவறான நம்பிக்கைகளை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒன்று, "எதுவுமே எழுதிக் கையெழுத்துப் போடவில்லை, அதனால் உரிமை என்னுடையதுதான்" என்பது. ஃப்ரீலான்ஸாகக் கதை எழுதுபவருக்கு இது பெரும்பாலும் சரி. ஓவியருக்கு அவ்வளவு சுலபம் இல்லை. 1957-ஆம் ஆண்டின் நம் பதிப்புரிமைச் சட்டம் 17(ஆ) பிரிவில், ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு வரையவைத்த ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது. உங்கள் வேலை இதற்குள் வருமா வராதா என்பதே பெரிய வாதமாகிவிடும். எழுத்தில் ஒரு வரி இருந்தால் அந்த வாதத்துக்கே இடமில்லை.

இன்னொன்று, "கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்பது. அப்படி இல்லை. 19-வது பிரிவின்படி, உரிமையை மாற்றித்தரும் தாளில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள்தான். எந்த இடத்துக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வேறொருவருக்குப் பதிலாக ஒரு கதை ஆப்புக்கு வரைந்த ஓர் ஓவியரின் துணைப் பாத்திரம், பிற்பாடு பள்ளிப் பைகளில் வந்தது. பில்லோடு இணைத்து அவர் கையெழுத்திட்டிருந்த படிவத்தின் மூன்றாவது பக்கத்தில் காலமும் இல்லை, பை பற்றிய பேச்சும் இல்லை. அதை வைத்துத்தான் பேசினோம், பைக்குத் தனியாகப் பணம் வந்தது.

அதனால்தான் இப்போதைய படிவங்கள் உஷாராக இருக்கின்றன. "இனி உருவாகக்கூடிய எல்லா ஊடகங்களிலும், அண்டம் முழுவதும், நிரந்தரமாக" என்ற வரியைப் பார்த்தால் பேனாவைக் கீழே வையுங்கள். அந்த வரியை அடித்துவிட்டு 'இந்த எபிசோட், தமிழில், இந்த ஆப்பில் மட்டும்' என்று எழுதித் திருப்பி அனுப்பலாம். பெரும்பாலான நிறுவனங்கள் வேறொரு வரியோடு பேச வருவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் இருப்பது நீங்கள் மட்டும் அல்ல, தேதி அவர்கள் கழுத்தையும்தான் நெரிக்கிறது.

அப்புறம், ஸ்டார்லினைப் போல முன்பே நோட்டில் வரைந்து வைத்த பாத்திரத்தை இப்படி ஒரு வேலைக்குள் கொண்டுபோகிறீர்கள் என்றால், கோப்பை அனுப்புவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பாத்திரத்தின் பெயர், முதலில் வரைந்த தேதி, அந்தப் பழைய ஸ்கெட்ச், 'இது இந்த வேலைக்கு முன்பே என்னால் உருவாக்கப்பட்டது, இந்த எபிசோடில் பயன்படுத்த மட்டும் அனுமதிக்கிறேன்' என்ற ஒரு வரி. "சரி" என்று அவர்களிடமிருந்து எழுத்தில் பதில் வந்த பிறகு கோப்பை அனுப்புங்கள்.